பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள் உங்கள் வீட்டில் உண்டா?

கழக்கூட்டத்தில் என் மகள் வேலை பார்க்கும் ஐ.டி. பார்க்குக்கு எதிரே புதிதாக ஒரு காப்பிக் கடை வந்திருக்கிறது. காப்பிக் கடை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும், கஃபே என்று சொல்ல வேண்டும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அங்கே அழைத்துப் போனாள். உட்கார்ந்து மேலே பார்த்தால், தலைக்கு நேராக ஒரு கோளாம்பி தொங்கிக்கொண்டிருந்தது.

வெற்றிலை துப்புகிற கோளாம்பி இல்லை. அதே மாதிரி வாயை அகலத் திறந்துகொண்டிருக்கும் பழைய குழாய் ஒலிபெருக்கிக்கும் எங்கள் திருவனந்தபுரத்தில் கோளாம்பி என்றுதான் பெயர். அதன் வாய்க்குள் ஒரு மஞ்சள் பல்பைச் செருகி விளக்காக்கி வைத்திருந்தார்கள்.

"கியூட் அல்லே அம்மா?" என்றாள் மகள்.

கியூட்டாம்! கல்யாணத்துக்கு முன்பு சில வருஷங்கள் அந்தக் கோளாம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியவள் நான். இந்த ஊரின் எந்தெந்தத் தெருவில் சத்தம் எதிரொலிக்கும், எந்தத் தெரு சத்தத்தை விழுங்கிவிடும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். எனக்கு முன்னால் வைத்த காப்பியின் வாசனையை முந்திக்கொண்டு வேறொரு வாசனை வந்தது. சூடேறிய ஆம்ப்ளிபயரில் தூசி கருகும் வாசனை, பேட்டரி ஆசிடின் புளிப்பு, அதன்மேல் சாலைக் கடைத்தெருவின் வற்றல் மிளகாயும் வெல்லமும். தும்மல் வந்துவிட்டது.

மகளுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. அவளிடம் சொல்லத் தொடங்கியதை உங்களிடமும் சொல்கிறேன்.

என் அப்பா சாலை என்கிற அந்தக் கடைத்தெருவில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் எடை போடுகிறவர். நாங்கள் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்து கரமனை ஆற்றுக்கு இக்கரையில் வாடகைக்கு இருந்தோம். நான் ப்ரீடிகிரி முடித்துவிட்டு, தட்டச்சு படிக்கிறேன் என்ற பேரில் வீட்டில் சும்மா இருந்த காலம். அப்பாவின் கடைக்கு அடுத்த சந்தில் மைக் செட் கடை வைத்திருந்தார் தங்கையன் அண்ணன். ஒரு பழைய ஜீப், இரண்டு கோளாம்பி, ஒரு ஆம்ப்ளிபயர், நிறைய வயர். ஜவுளிக் கடைத் தள்ளுபடி, சர்க்கஸ், கோயில் உற்சவம், கட்சிப் பொதுக்கூட்டம் என்று எது நடந்தாலும் ஊரெல்லாம் ஜீப்பில் சுற்றிச் சொல்வது அவருடைய தொழில். அதற்கு அனௌன்ஸ்மென்ட் என்று பெயர். சிக்கல் என்னவென்றால் அவருடைய குரல். தள்ளுபடி என்று அவர் சொன்னால் ஏதோ ஆபத்து என்று நினைத்துக் கதவைச் சாத்துவார்கள்.

அவரும் நாங்களும் ஒரே சர்ச். ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிப்பது நான். ஒரு நாள் ஆராதனை முடிந்து அப்பாவிடம் வந்தார்.

"உமக்க பிள்ளைக்க தொண்டை கொள்ளாமே, நல்ல கணீர்னு இருக்கு. நம்ம ஜீப்புக்கு விடும்."

அம்மா ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தாள். "பொம்பளப் பிள்ளை தெருத்தெருவா கூவிட்டுப் போனா நாளைக்கு ஆரு கெட்டுவா?" என்பது அவள் கேள்வி. அப்பாதான் சமாதானம் சொன்னார். "சத்தம்தானே வெளிய கேக்கும். முகத்தை ஆரு பாக்கா?" கடைசியில் என்னைக் கட்டிய மனிதர் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்தான். நல்ல பருமனான, ஐம்பது வயது அம்மாளைக் கற்பனை செய்து வைத்திருந்தாராம். பெண் பார்க்க வந்த அன்று ஏமாற்றமா சந்தோஷமா என்று இன்றுவரை சொல்லவில்லை.

அனௌன்ஸ்மென்ட்டுக்குச் சில ஒழுங்குகள் உண்டு. ஆஸ்பத்திரி வந்தால் மைக்கை அணைக்க வேண்டும். பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் ஜீப்பை ஓரம் கட்ட வேண்டும். சாவு வீட்டைக் கண்டால் தெருவின் மறுமுனை வரை மூச்சு விடக் கூடாது. கோட்டைக்குள்ளும் சுற்றுவட்டாரத்திலும் மலையாளம் மட்டும், சாலையிலும் கரமனையிலும் முதலில் மலையாளம், பிறகு தமிழ். எல்லாவற்றையும் முடிக்கும்போது ஒரு வாசகம்: "இன்றே கடைசி, இன்றே கடைசி! வரத் தவறாதீர்கள்!" ஒரு ஜவுளிக் கடைக்கு மழைக்காலம் முழுக்க நான் தினமும் அதைச் சொன்னேன். தினமும் அன்றுதான் கடைசி. ஒரு உறுத்தலும் இல்லை. வாய் அதுவாகச் சொல்லும், மனது பாட்டுக்கு மதியம் மீன் குழம்பா, புளிக்குழம்பா என்று யோசித்துக்கொண்டிருக்கும்.

அப்படி இருந்தபோதுதான் மணி சார் வந்தார்.

கரமனை அக்ரகாரத்துக்காரர். பாசன இலாகாவில் வேலை பார்த்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். ஒல்லியான உடம்பு, எப்போதும் ஒரு குடை. மழை வந்தாலும் அதை விரிக்க மாட்டார், நனைந்துவிடும் என்று கக்கத்தில் வைத்துக்கொள்வார். அவரும் அவரைப் போன்ற மூன்று பேரும் சேர்ந்து ஒரு சபை வைத்திருந்தார்கள். நாட்டின் சரித்திரத்தில் விட்டுப்போனவற்றைப் பற்றி மாதம் ஒரு கூட்டம், கரமனை வாசகசாலை மாடியில். நால்வரில் ஒருவர் பேசுவார், மற்ற மூவர் கேட்பார்கள். அடுத்த மாதம் ஆள் மாறும். இந்தத் தடவை மணி சாரின் முறை. இதற்கு மட்டும் ஊரைக் கூப்பிட வேண்டும், ஜீப் வேண்டும் என்று வந்து நின்றார்.

விஷயம், இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டபோது அங்கிருந்து நம்மவர்கள் காடும் மலையுமாக நடந்து இந்தியாவுக்கு வந்தது. கப்பலில் இடம் கிடைக்காத கூலிக்காரர்கள், குமாஸ்தாக்கள், வட்டிக்கடைக் கணக்கர்கள், பெண்கள், குழந்தைகள். நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. பள்ளிக்கூடத்தில் எத்தனையோ யாத்திரைகளையும் ஊர்வலங்களையும் படித்திருக்கிறேன், இது இல்லை.

"எல்லாரோட நடைக்கும் புஸ்தகத்துல எடம் இருக்கு, கொழந்தே. எங்க நடைக்கு ஒரு வரி உண்டோ? சொல்லு பாப்போம்," என்றார் மணி சார்.

எங்க நடை என்றாரா என்று நான் நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய அப்பா ரங்கூனில் ஒரு கம்பெனியில் கணக்கர். மணி சாருக்கு அப்போது ஆறு வயது. அப்பா, அம்மா, இவர், இடுப்பில் ஒரு கைக்குழந்தை. புறப்பட்டவர்கள் நான்கு பேர், கரமனைக்கு வந்து சேர்ந்தவர்கள் மூன்று பேர். அந்தத் தங்கை வழியில் செத்தாளா, யாரிடமாவது கொடுத்தார்களா, விட்டுவிட்டு வந்தார்களா என்று அவருக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கூட்டம் என்பதை எனக்குக் கொஞ்சம் பின்னால்தான் சொன்னார். உங்களை ஏன் காக்க வைக்க வேண்டும், இப்போதே சொல்லிவிட்டேன். கூட வந்தவர்கள் யாராவது இந்த ஊரில் இருப்பார்கள், சரித்திரம் என்று கூப்பிட்டால் வருவார்கள், வந்தால் கேட்கலாம். அவருடைய திட்டம் அவ்வளவுதான்.

ஆனால் அறிவிப்பை எழுதியது திட்டம் போட்ட மணி சார் இல்லை, சபையின் மணி சார். "நமது தேச சரித்திரத்தில் விஸ்மரிக்கப்பட்டுப்போன மகத்தான ஓர் அத்தியாயத்தைக் குறித்த கம்பீரமான சொற்பொழிவு" என்று தொடங்கும். ஒரு மூச்சில் படித்து முடிக்க முடியாது. கிள்ளிப்பாலம் தாண்டுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

தங்கையன் அண்ணன் வண்டியை ஓட்டிக்கொண்டே, "மக்களே, கேக்க கேக்க எனக்கே உறக்கம் வருது. வண்டி எங்கயாவது முட்டிரும்," என்றார்.

கூட்டத்துக்கு வந்தவர்கள் சபையின் நால்வர், விளக்கை அணைக்கக் காத்திருந்த வாசகசாலை வாட்ச்மேன், மைக்கைக் கழற்றக் காத்திருந்த நாங்கள் இரண்டு பேர். மணி சார் அசரவில்லை. ஜப்பான் விமானங்கள், ஆங்கிலேயர் ஆட்சியின் பாராமுகம், வெள்ளைக்காரர்களுக்கு ஒரு பாதை, நம்மவர்களுக்கு ஒரு பாதை என்று பிரித்த அநியாயம், எல்லாவற்றையும் காலி நாற்காலிகளுக்கு எடுத்துச் சொன்னார். வாட்ச்மேன் இடையில் உறங்கிப்போனார்.

முடிந்ததும் நான் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். மணி சார் தன் காகிதங்களை மடித்துக்கொண்டிருந்தார். எனக்குள் ஒரு கேள்வி கூட்டம் முழுக்கக் குறுகுறுத்துக்கொண்டே இருந்தது. ஆர்வம் வந்துவிட்டால் எனக்கு வாய் நிற்காது.

"சார், நடந்து வரும்போ என்ன சாப்பிட்டீங்க?"

அவர் காகிதத்தை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"பிஸ்கட் டின்னுல அரிசி வேகவைப்பா அம்மா. பாதி வெந்தும் வேகாததுமா இருக்கும். உப்பு கெடையாது. மழை பேஞ்சா அடுப்பு கெடையாது, வெறும் அரிசியை மெல்லணும். காலெல்லாம் அட்டை. நான் அழுதுண்டே வருவேன், அப்பா தோள்ல தூக்கிப்பார். அம்மா கொழந்தையை முதுகுல கட்டிண்டிருந்தா. ஒரு நாள் காலம்பற முழிச்சுப் பாக்கறேன், அம்மா முதுகுல அந்தத் துணி மட்டும் இருக்கு." நிறுத்தினார். "கேட்டேன். அப்பா திரும்பிண்டுட்டார். அம்மா சாகற வரைக்கும் சொல்லலை. கேட்டா சமையலுள்ளுக்குள்ளே போயிடுவா. பேர்கூட சொல்ல மாட்டா. என் தங்கை பேரு எனக்குத் தெரியாது, கேட்டியோ."

தங்கையன் அண்ணன் கோளாம்பியை இறக்கிக்கொண்டிருந்தவர் அதைத் தரையில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அங்கிருந்தபடியே பேசினார். "சாமி, சரித்திரம்னு சொன்னா ஆளு ஓடிரும். பரீட்சை வருதுன்னு நெனைக்கும். இப்ப இந்தப் பிள்ளைட்ட சொன்னீரே, அதைல்லா சொல்லணும்?"

அதை எப்படி மைக்கில் சொல்வது என்று மணி சாருக்கு வெட்கம். சொந்த வீட்டு விஷயம். நான்தான் சொன்னேன், சொல்ல வேண்டாம், கேட்போம் என்று. கேட்கிற புத்தி எனக்குக் கூடப் பிறந்தது. சின்ன வயதில் விருந்தாளிகள் முன்னால் அதற்காகக் கிள்ளு வாங்கியவள். அடுத்த மாதக் கூட்டத்தையும் மணி சாரே கேட்டு வாங்கினார், அதற்கு அறிவிப்பை நானே எழுதினேன்.

ஒரு சனிக்கிழமை, சாலையில் சரக்கு இறங்கும் காலை வேளை. லாரிகளுக்கு நடுவே ஜீப் ஊர்ந்தது. நான் மைக்கை வாயருகே கொண்டுபோய், தள்ளுபடிக் குரலில் இல்லாமல், பக்கத்து வீட்டில் உப்பு கேட்கிற குரலில் கேட்டேன்.

"பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள் உங்கள் வீட்டில் உண்டா? எந்த வழியாக வந்தார்கள்? வழியில் என்ன சாப்பிட்டார்கள்? யாரோடு வந்தார்கள்? வழியில் யாரை விட்டுவிட்டு வந்தார்கள்? கேட்டிருக்கிறீர்களா?"

அவ்வளவுதான். முதலில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஒருவர் மூட்டையோடு நின்றார். இரும்புக் கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "எங்க சித்தப்பா வந்தாரு. வந்தவரு பிறகு அரிசிச் சோறே தின்னல, கோதம்புதான். ஏன்னு நாங்க கேட்டதில்ல." புடவைக் கடை வாசலில் நின்ற ஒரு அம்மாள் தன் மாமியாருக்குக் கால் விரல்கள் இல்லை, அது பர்மாவில் போனது என்றாள். ஜீப் நகரவில்லை. ஆட்கள் ஜன்னலுக்குள் தலையை விட்டுப் பேசினார்கள். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் விசிலை ஊதிக்கொண்டு கோபமாக வந்தார்.

"எந்தாடோ இவிடே?"

என்ன விஷயம் என்று சொன்னோம். விசிலைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில், தன் அம்மாவின் மூத்த சகோதரர் அங்கே போனவர், வரவே இல்லை, எந்த வழியில் செத்தார் என்றாவது யாருக்காவது தெரியுமா என்று எங்களிடமே கேட்டார். சரித்திரம் என்று சொன்னபோது ஒரு தலை திரும்பாத தெரு அது. எல்லா வீட்டிலும் ஒரு துண்டு இருந்திருக்கிறது, கேட்க ஆளில்லாமல்.

இந்தப் பரவசத்தில் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். அறிவிப்பை முடிக்கும்போது, வாய் பழகிய பாட்டில் போய்விட்டது. "இன்று மாலை கரமனை வாசகசாலையில். இன்றே கடைசி, இன்றே கடைசி! வரத் தவறாதீர்கள்!" ஒரு தடவை சொன்ன பிறகாவது சுதாரித்தேனா? இல்லை. அன்று முழுக்க எல்லாத் தெருவிலும் அப்படியே சொல்லியிருக்கிறேன். சாயங்காலம் வரை எனக்கே தெரியாது.

சாயங்காலம் வாசகசாலை மாடிப்படி வரை ஆட்கள். மணி சார் கண்கலங்கிவிட்டார். எனக்கும் பெருமை. உள்ளே போய்ப் பார்த்தால் முக்கால்வாசிப் பேர் கையில் ரேஷன் கார்டு. பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கு அரசாங்கம் ஏதோ பென்ஷன் கொடுக்கிறது, பதிவு செய்ய இன்றுதான் கடைசி நாள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. வேறு எப்படி நினைப்பார்கள்? கேரளத்தில் மைக் வைத்து, இன்றே கடைசி என்று, வயசானவர்களைக் கூப்பிட்டால் அது பென்ஷனாகத்தான் இருக்க முடியும்.

தங்கையன் அண்ணன் மேடையில் ஏறி, தன் ஆபத்துக் குரலில், பென்ஷன் எதுவும் இல்லை என்று சொன்னார். கூச்சல் எழுந்தது. பாதிப் பேர் என் குரலைத் திட்டிக்கொண்டே படியிறங்கிப் போனார்கள். நான் மேஜைக்குப் பின்னால் வயரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தவள் நிமிரவே இல்லை. முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து கேட்டார்.

"பின்னே எதுக்கு எங்களை விளிச்சு வரச் சொன்னீங்க சாமி?"

மணி சாரிடம் சொற்பொழிவுக் காகிதம் இருந்தது. அதைப் பார்த்தார், மேஜையில் கவிழ்த்து வைத்தார். "எனக்கு ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான்," என்று தொடங்கினார். முதுகில் துணி மட்டும் இருந்த காலை வரை சொன்னார். ஊர் முன்னால், சொந்த அம்மாவைப் பற்றி. அவர் குரல் நடுங்கியதில் என் ஆம்ப்ளிபயரும் சேர்ந்து நடுங்கியது.

யாரும் அந்தக் குழந்தையைக் கண்டதில்லை. ஆனால் எழுந்து போனவர்கள் போக, இருந்தவர்கள் பேசத் தொடங்கினார்கள். ஒருவர், தம்பியை ஆற்றில் விட்டதைச் சொன்னார். ஒருவர், காய்ச்சல் கண்ட அப்பாவை ஒரு மரத்தடியில் உட்கார வைத்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துவிட்டு வந்ததைச் சொன்னார். பெற்ற பிள்ளைகள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முதல் தடவையாக அதைக் கேட்டார்கள். மணி சார் ஒவ்வொருவரிடமும் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா மட்டும் வாய் திறக்காமல் இருந்ததாக அதுவரை அவர் நினைத்திருந்தார். ஊரே அப்படித்தான் இருந்திருக்கிறது.

கடைசியில், சுவரோரம் நின்றிருந்த ஒரு பெண்மணி முன்னால் வந்தாள். வெள்ளைச் சேலை, ஐம்பது வயதிருக்கும். கையில் ரேஷன் கார்டு இல்லை.

"சாரே, எனக்க பேரு கிருபை. பாறசாலைக்கு அப்பறத்துல இருந்து வாறேன், ஸ்கூல்ல கஞ்சி வைக்கேன். என்னைப் பெத்தது ஆருன்னு எனக்குத் தெரியாது. பர்மாவுல இருந்து வரும்போ வழியில கெடந்து எடுத்தோம்னு வளத்த அம்ம சொல்லியிருக்கா. மைக்குல கேட்டாங்கன்னு எங்க ஊரு லோடு ஏத்துற பையன் வந்து சொன்னான். அதான் வந்தேன்."

மணி சார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அவருடைய காதையும் மூக்கையும் அவளுடைய காதையும் மூக்கையும் நாங்கள் எல்லோரும் மாறி மாறிப் பார்த்தோம். இல்லாத சாயலெல்லாம் எனக்குத் தெரிந்தது.

"அப்போ உனக்கு என்ன வயசிருக்கும்மா?" என்றார் மணி சார்.

கிருபை அக்காள் பதில் சொல்வதற்கு முன் கொஞ்சம் தயங்கினாள். வேறு பதில் சொல்லியிருக்கலாம். யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்?

"அது தெரியாது சாரே. ஆனா நான் நடந்து வந்தேன். ஒரு ஆம்பிளைக்க வெரலைப் பிடிச்சுட்டு நடந்தது நல்ல ஓர்மை உண்டு."

தங்கையன் அண்ணனுக்குத் தாங்கவில்லை. "சாமி, கொஞ்சம் அங்ஙன இங்ஙன இருக்கும். ஓர்மைன்னா அப்படித்தானே?"

"இல்லை தங்கையா," என்றார் மணி சார். "எங்க கொழந்தைக்குப் பல்லு மொளைக்கலை."

"எனக்கும் சார் சொல்லும்போவே தெரிஞ்சுது," என்றாள் அவள். "இருந்தாலும் இவ்வளவு தூரம் வந்தாச்சு, கேட்டுட்டுப் போவோம்னு."

அவள் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று திரும்பினாள். மணி சார் குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னாலேயே படியிறங்கினார். "பஸ்ஸுக்கு நேரம் இருக்கு. ஆத்துக்கு வந்து ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போ," என்றார்.

நானும் போனேன். போகாமல் எனக்கு அன்று தூக்கம் வந்திருக்காது. அக்ரகாரத்து வீட்டில் அவருடைய மனைவி, எங்களுக்கு மாமி, மணி சாருக்கு எவர்சில்வர் டம்ளரிலும், கிருபை அக்காளுக்கும் எனக்கும் கண்ணாடி கிளாஸிலும் காப்பி கொண்டுவந்தாள். எங்களுக்கு அது புதிதில்லை. மணி சார் தன் டம்ளரைத் திருப்பிக் கொடுத்து, எனக்கும் கிளாஸில் ஊற்று என்றார். மாமி உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் எங்களுக்கும் எவர்சில்வரில் இன்னொரு காப்பி வந்தது. இரண்டு காப்பி குடித்த அந்த வயிற்றோடு அக்காள் பஸ் ஏறினாள்.

அதன் பிறகு அவள் அடிக்கடி வரத் தொடங்கினாள். மரச்சீனி, பலாப்பழம், முருங்கைக்கீரை, ஏதாவது கையில் இருக்கும். தீபாவளிக்கு மணி சார் சேலை எடுத்துக் கொடுப்பார், கிறிஸ்துமஸுக்கு மாமி முறுக்கு சுற்றி அனுப்புவாள். அவள் மகள் கல்யாணத்தில் மணி சார் சர்ச்சின் முதல் பெஞ்சில், குடையோடு உட்கார்ந்திருந்தார். தங்கை என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை, அண்ணன் என்று அவளும் கூப்பிட்டதில்லை. சாரே, கிருபை, அவ்வளவுதான். இருவருக்கும் கணக்கு தெரியும். மணி சாரின் சபை மட்டும் திடீரென்று பெரிய சபை ஆகிவிட்டது. யார் யாரோ வந்து தங்கள் வீட்டுத் துண்டுகளைச் சொன்னார்கள்.

எனக்கோ ஆர்வம் அடங்கவில்லை. நாகர்கோவில் வரை ஜீப்பைக் கொண்டுபோக வேண்டும், தெற்கே எத்தனை ஊர் பாக்கி இருக்கிறது, அந்தக் குழந்தையைப் பற்றிக் குறிப்பாகவே கேட்க வேண்டும் என்று நானும் தங்கையன் அண்ணனும் திட்டம் போட்டோம். துணியில் கட்டிய கைக்குழந்தை, இன்ன வழி, இன்ன மாதம் என்று எழுதியே வைத்தேன். இன்றே கடைசி என்று சொல்லிவிடாமல் இருக்க, தாளின் அடியில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தேன். புறப்பட வேண்டிய அன்று காலை பேட்டரி மாட்டிக்கொண்டிருக்கும்போது மணி சார் கடைக்கு வந்தார்.

"வேண்டாம் கொழந்தே. நிறுத்திடு."

"ஏன் சார்? இப்பத்தானே ஆளு வருது. யாருக்காவது தெரிஞ்சிருக்கும்."

"அதான் பயமா இருக்கு," என்றார். ஜீப்பின் கோளாம்பியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீ கேட்டு, அவ எங்கேயோ இருந்து நெஜமாவே வந்து நின்னுட்டா? நான்தான்னு வந்துட்டா? அப்பறம் கிருபை இந்த ஆத்துக்கு எதுக்கு வருவா? அவ கௌரவக்காரி, வர மாட்டா."

கேட்காமல் விடுவது எனக்குப் பழக்கமே இல்லாத காரியம். தங்கையன் அண்ணன் பேட்டரி வயரைக் கழற்றினார். அன்று மத்தியானம் அதே ஜீப்பில் ஒரு பாத்திரக் கடைத் தள்ளுபடியைச் சொல்லப் போனோம்.

அதற்கு அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணமாகி ஜீப்பை விட்டேன். கோளாம்பிக்குச் சட்டம் தடை போட்டது. தங்கையன் அண்ணன் கடையில் இப்போது மொபைல் உறை விற்கிறார்கள். வாசகசாலை மாடி இடிந்து, அந்த இடத்தில் வண்டிகள் நிறுத்துகிறார்கள். மணி சார் போன அன்று கிருபை அக்காள் பாறசாலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, அக்ரகாரத் தெருவில் பெண்கள் பக்கம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். யார் என்று கேட்டவர்களிடம் மாமிதான், "அவருக்கு வேண்டப்பட்டவ," என்றாள். அடுத்த சில வருஷங்களில் மாமியும் அக்காளும் போய்ச் சேர்ந்தார்கள். அன்று மாடியில் பேசியவர்கள் ஒவ்வொருவராகப் போனதைச் செய்தித்தாளின் மரண அறிவிப்புப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். ரேஷன் கார்டோடு வந்து என்னைத் திட்டிவிட்டுப் போனவர்களும்தான்.

கஃபேயில் சொல்லத் தொடங்கியதை வீட்டுக்கு வந்தும் சொல்லி முடித்தேன். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுநாளே ஆபீஸில் போய்ச் சொல்லியிருக்கிறாள். விட்டுப்போன சரித்திரங்களைக் குரலாகப் பதிவு செய்து போனில் ஊருக்கெல்லாம் கேட்கச் செய்கிற ஒரு கூட்டம் அவள் ஆபீஸில் இருக்கிறதாம். நல்ல பிள்ளைகள். போன வாரம் வீட்டுக்கே வந்தார்கள். நான் கேட்டது போலவே கேட்டார்கள், என்ன சாப்பிட்டார்கள், எதைச் சுமந்தார்கள் என்று. சரியான கேள்விகள். பிறகு ஒரு பெண், "ஆன்ட்டி, நடந்து வந்தவங்க யாராவது இப்போ உண்டோ? ஒரே ஒருத்தர் கிட்டினா போதும்," என்றாள். சாலையின் கடைகளையும் கரமனையின் வீடுகளையும் பாறசாலை வரையிலான ஊர்களையும் மனதுக்குள் ஜீப்பில் போகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கடந்து பார்த்தேன். ஒரு பெயரும் வரவில்லை. அவர்கள் மைக்கை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்று இரவு படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பல் முளைக்காத அந்தக் குழந்தையை யாராவது எடுத்திருந்தால், அவளுக்கு இப்போது எண்பது தாண்டியிருக்கும். அந்த மலையைக் கடந்தவர்களில் இன்று மிச்சம் இருப்பது அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். அவளிடம் போய்க் கேட்டால், எனக்கு ஒன்றும் தெரியாதே, நான் பிறந்து வளர்ந்தது இங்கேதானே என்பாள்.